விருதுநகர் பக்கத்தில் வந்த சவுரிராயன்

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை

பாசமுள்ள மகள் அஸ்வினிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேச ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கும்பிடுகிற கை ஒன்று பதிலாக வருகிறது. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் உன் பழைய ஆபீசில் கூட வேலை பார்த்த நம் சவுரிராயனுக்கு விழுப்புரம் மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை. அடக்கத்துக்குத்தான் நீ வரவில்லை. இதற்காவது வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீ பத்திரிகை ஆசிரியர் ஆன செய்தி வந்தபோது இந்தத் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தவள் நான். அவ்வளவு பெரிய பேப்பருக்கு நம் வீட்டுப் பெண் தலைமை என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வருஷம் திரும்புவதற்குள் விழுப்புரம் பதிப்பை மூடுகிற ஆர்டர் உன் கையெழுத்தோடு வந்தது. எல்லாரும் செய்தியைப் போனில் படிக்கிறார்கள், பேப்பர் விற்கவில்லை, நீ போடாவிட்டால் வேறொருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். சில பேரையாவது புதுச்சேரிக்கு மாற்றித் தரச்சொல்லி முதலாளியிடம் மல்லுக்கு நின்றாய் என்பதும் எனக்குத் தெரியும். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்தச் சில பேரில் சவுரி இல்லை. செய்தியையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் போடுகிற அவன் வேலையை இனிமேல் சென்னையில் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்களாம்.

நீ விழுப்புரம் ஆபீசில் சேர்ந்த புதிதில், பக்கமெல்லாம் முடிந்ததும் அவன்தான் வண்டியில் கூட்டிவந்து உன்னைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிடுவான். கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான். அவனை நம்பித்தான் உன்னை ராத்திரி வேலைக்கு அனுப்பினேன். வேலை போனபிறகு, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒன்றில் போய் உட்கார்ந்தான். ஒருநாள் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். சாகிற வயசா அது, பாவி மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி பிலோமினாவைப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் பேப்பரில் வேலை பார்த்தவர் யாராவது இறந்தால், அந்த ஊர்ப் பக்கத்தில் படத்தோடு சின்னதாகச் செய்தி போடுவது வழக்கம்தானே. எத்தனையோ பேருக்குச் சவுரியே அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கிறான். அவன் போனதும், கூட வேலை பார்த்த தென்னரசு படமும் விவரமும் சென்னைக்கு அனுப்பியிருக்கிறான். இப்போது இங்கே வருகிற புதுச்சேரிப் பதிப்பைப் பிலோமினா தினமும் வாங்கிப் பார்த்திருக்கிறாள், வரவே இல்லை. கடைசியில் யாரோ விருதுநகரிலிருந்து அதைப் படம் பிடித்து அனுப்பினார்களாம். செய்தி அந்த ஊர்ப் பக்கத்தில் வந்திருக்கிறது. தென்னரசு விசாரித்ததில், உங்கள் புது கம்ப்யூட்டரில் ஊர்ப்பெயர் வரிசையிலிருந்து விழுப்புரத்தை எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் இப்போது விருதுநகர் இருக்கிறது. சென்னையில் வேலையில் இருந்த பிள்ளை அதைப் பார்க்காமல் அழுத்திவிட்டதாம்.

பிலோமினா போனை என் கையில் கொடுத்து, "அவரு ஒரு நாளும் அந்த ஊரு பக்கம் போனதில்லம்மா, அங்க யாருக்கு அவர தெரியும்" என்று கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் உன்மேல்தான் கோபம் வந்தது.

மறுபடியும் சரியாகப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். அப்புறம் உன்னைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். "அஸ்வினி நேரத்துக்கு சாப்புடுதாம்மா, ஆபீசே கதின்னு கெடக்குதாமே. அந்த ஆர்டர் வந்த அன்னிக்கு இவரு சோறு துன்னல. நம்மள விடு, அந்தப் பொண்ணு கையெழுத்த போட்டுட்டு அங்க எப்டி அழுதுக்கினு இருக்குதோன்னு பொலம்பிக்கினே இருந்தாரு" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு அவள் கொடுத்த காபியைக் குடித்தேன்.

அப்பாவிடம் விருதுநகர் விஷயத்தைச் சொல்லவில்லை. தினமும் காலையில் பேப்பரை விரித்து நம் ஊர்ப் பக்கத்தைத் தேடுகிறார். காணோம் என்றதும் என்மேல் எரிந்து விழுகிறார், என்னமோ நான்தான் அதை மூடினதுபோல. கிளியனூரிலிருந்து சித்தப்பா மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அந்தப் பச்சைக் கடலையை உனக்கு அவித்து வைக்கிறேன். முடிந்தால் வெள்ளிக்கிழமையே கிளம்பி வந்துவிடு, சனிக்கிழமை சேர்ந்தே போகலாம்.

நீ வருவாய் என்று பிலோமினாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று பயந்துதானே நீ அடக்கத்துக்கு வரவில்லை. திட்ட மாட்டாள், மகளே. உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள். அதைத் தாங்குகிற மனசை மாதா உனக்குக் கொடுக்கட்டும்.

உன் அம்மா,
அம்சா