டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம்

பிரியமுள்ள மச்சான்,

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அவரோட தங்கச்சி வீட்டுக்காரர் நீங்கதானே, ஏதாவது டச்சிங்கா எழுதிக் குடுங்க" என்றார் ஆசிரியர். இரண்டு வாரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டச்சிங்காக ஒன்றும் வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபீசில் மீட்டிங் நடுவில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள் என்று எனக்கு போன் வந்தபோது, பிரிண்டரில் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தேன். போனை வைத்தேன். மிச்சப் பேப்பரையும் அடுக்கி, டிரேயை மூடிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். உங்களை ஊருக்கு அனுப்பிய கார்கோ படிவத்தில் பெயருக்கு ஸ்பெல்லிங் சரியா என்று பார்த்தேன். சங்ககிரியில் உங்கள் அப்பா என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை மச்சான், இன்றுவரைக்கும். நான் என்ன மனுஷன் என்று சில நேரம் பயமாகக்கூட இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து பதினெட்டாம் நாள் நானும் உங்கள் தங்கை மேகலாவும் டெக்சாஸ் திரும்பினோம். ரிச்சர்ட்சனில் நீங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி பண்ண வேண்டும். சோபாவை புதிதாக வந்த பேச்சிலர் பையன்கள் எடுத்துப் போனார்கள். குக்கர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மிச்சம் இருந்தது கார்போர்ட்டில் நின்ற உங்கள் டிரக்கும், அதன் முதுகில் இருந்த அந்தத் தகரப் பெட்டியும்தான்.

படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிக்கப் டிரக்கின் பின்னால் ஏற்றி வைக்கிற கேம்பர் அது. கூரையைக் கையால் தள்ளித் தூக்கினால் இரண்டு பேர் நிமிர்ந்து நிற்கிற அறை, இறக்கிப் பூட்டினால் வெறும் பெட்டி. இருபது வருஷப் பழசு, மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே மரமெல்லாம் உளுத்துப் போனது. நீங்கள் அதை வாங்கி வந்த அன்றைக்கு, "பொண்ணு பார்க்கச் சொன்னா பொட்டியப் பார்த்துட்டு வந்திருக்கீங்களே" என்று நான்தான் கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "பத்து வருஷமா க்யூபிகிள்ல உக்காந்திருக்கேன் மாப்ள. ஒரு நாளைக்காவது கதவத் திறந்தா மலை தெரியோணும்" என்றீர்கள்.

ஹவுஸ் ஓனர் நல்ல மனிதர்தான். ஆனால் முப்பதாம் தேதிக்குள் அதை எடுக்காவிட்டால் ஜங்க்யார்டுக்கு போன் பண்ணிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர இருபது மைல் ஃப்ரீவே. கூரை மூடிப் பூட்டாமல் ஃப்ரீவேயில் ஓட்டினால் டெக்சாஸ் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். கூரையோ கழற்றிய நிலையில் பெட்டி மேல் கிடந்தது. பக்கத்திலேயே நீங்கள் அறுத்து, ஓட்டை போட்டு, பெயின்ட் அடித்து வைத்த புது மரச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி உங்கள் கோழிக்கிறுக்கல் கையெழுத்து: டிரைவர் பக்கம் முன், டிரைவர் பக்கம் பின், கிளீனர் பக்கம் முன், கிளீனர் பக்கம் பின்.

"வித்துரலாமா?" என்று மேகலாவிடம் கேட்டேன். ஊரிலிருந்து வந்த பிறகு அவள் பேசுவதே குறைந்துபோயிருந்தது. சாப்பிடுங்க, கதவைப் பூட்டுங்க, அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "எங்கண்ணன் கைப்பட்டது இந்த நாட்டுல இது ஒண்ணுதானுங்க மிச்சம். குப்பைக்குப் போகக் கூடாது" என்றாள்.

நான் டிரில்லைத் தொட்டதே இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு போட்டேன். நீங்கள் எழுதியிருந்தபடியே டிரைவர் பக்கத்துச் சட்டங்களை டிரைவர் பக்கம் வைத்தேன். ஓட்டைகள் பொருந்தவில்லை. மச்சான் அளவெடுத்தது தப்பு என்று முடிவு கட்டினேன். உங்கள் மரத்தில் நானே புது ஓட்டைகள் போட்டேன், மொத்தம் பதினொன்று. போல்ட்டை அடித்து இறக்கினேன். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மேகலாவுமாகப் பிடித்து கூரையை இறக்கினால் ஒரு மூலையில் நான்கு விரல் இடைவெளி. மறுபடி கழற்றினேன், மறுபடி பூட்டினேன். நான்கு விரல் நான்கு விரலாகவே நின்றது. இருபத்தெட்டாம் தேதி ஆகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் மேகலா அந்தச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்து டேப்பைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"ஏனுங்க, இதுல கிளீனர்னு போட்டிருக்குது."

"ஆமா. அதுக்கென்ன?"

"அமெரிக்காவுல எந்த டிரக்குல கிளீனர் இருக்கறான்? அண்ணன் எழுதுனது எங்கப்பா ஓட்டுன லாரிய நெனச்சுங்க. நம்மூரு லாரில டிரைவர் எந்தப் பக்கம் உக்காருவாரு?"

வலது பக்கம்.

இங்கே வந்து பத்து வருஷம் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர் நீங்கள். போலீசிடம் அபராத டிக்கெட் ஒன்றுகூட வாங்காதவர். ஆனால் பேனாவை எடுத்துத் தமிழில் எழுதினதும் டிரைவர் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பழைய பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததற்குத் தக்கபடி நீங்கள் ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து அறுத்திருக்கிறீர்கள். உங்கள் அளவில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் எல்லாவற்றையும் பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தேன்.

மேகலா சிரித்தாள் மச்சான். ஐந்து வாரத்தில் முதல் தடவை. நீங்கள் கார் வாங்கின புதிதில் ஓட்டப் போகும்போதெல்லாம் மறந்துபோய் வலப்பக்கக் கதவைத் திறப்பீர்களாம், அப்புறம் சமாளித்துக்கொண்டு, "உனக்குத்தாம்மா திறந்து விட்டேன், ஏறு" என்பீர்களாம். "அண்ணனுக்கு என்ன மரியாதைன்னு ஒரு வருஷம் நம்பிட்டு இருந்தனுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்து, சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்துபோய் டிரில்லின் வயரைச் சுற்றி வைத்தேன்.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிப் பக்கம் மாற்றினோம். நீங்கள் போட்ட ஓட்டைகளில் போல்ட்டுகள் தாமாக இறங்கின. கூரை இறங்கி உட்கார்ந்தது. நாலு மூலையிலும் பூட்டு விழுந்தது. முப்பதாம் தேதி காலையில் மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் போகாமல் ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் டிரைவ்வேயில் நிறுத்தினேன். மேகலா தினமும் சாயங்காலம் கூரையைத் தூக்கி உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்கிறாள். இப்போது பேசுகிறாள். நன்றாகவே திட்டுகிறாள்.

இதோடு முடித்திருந்தால் ஆசிரியர் கேட்ட டச்சிங்கான கடிதமாக இருந்திருக்கும். முடியவில்லை.

அந்தக் கூரையைத் தனி ஆளாக ஏற்ற முடியாது. அதனால்தான் மூன்று சனிக்கிழமை எனக்கு போன் பண்ணினீர்கள். "ஒரு மணி நேரம் வாங்க மாப்ள, அந்தப் பக்கம் பிடிச்சீங்கன்னா போதும்." மூன்று தடவையும் ஆபீசில் சாப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது என்று சொன்னேன். முதல் இரண்டு நிஜம். மூன்றாவது சனிக்கிழமை எந்த ரிலீசும் இல்லை. சோபாவில் படுத்துக்கொண்டு கிரிக்கெட் கேசட் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசல்ட் ஏற்கெனவே தெரிந்த மேட்ச். புதன்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

நான் வந்திருந்தாலும் நீங்கள் பிழைத்திருக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் கூரை மூடியிருக்கும். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் மேகலா என்ன சொல்கிறாள் தெரியுமா? "பாவம், இவருக்கு அப்ப ரிலீஸ் டைமுங்க. இல்லீன்னா கூடவே நின்னு முடிச்சுக் குடுத்திருப்பாரு." ஒவ்வொரு தடவையும் நான் தலையை ஆட்டுகிறேன். அவள் காப்பி ஊற்றித் தருகிறாள், வாங்கிக் குடிக்கிறேன். இதை எப்படி மச்சான் அவளிடம் சொல்வது?

தெரியவில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இதை ஆசிரியருக்கு அனுப்புவதற்கு முன்னால் மேகலாவை உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் நானே படித்துக் காட்டுவேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். இந்தப் பக்கம் மலரில் அச்சாகியிருந்தால், படித்துக் காட்டிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட,
உங்கள் மாப்பிள்ளை,
சிவகுமார்