அட்டையில் ஏற்றிய புத்தகங்கள்

அக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து பிரிண்டரில் பார்கோடு கோணலாகவே விழுகிறது. மூன்று முறை கழற்றி மாட்டினேன். பொறியியல் படித்தவன் சட்டக் கல்லூரி நூலகத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

மதியம் பதிவாளர் பரசுராமன் கூப்பிட்டார். அடுத்த வாரம் அங்கீகாரத்துக்கான ஆய்வுக் குழு வருகிறது, புத்தகங்கள் போதாது. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்குச் செங்கம் தாண்டி இன்னொரு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து வேனில் வருமாம். அவற்றை நம் நூலகப் பட்டியலில் ஏற்ற வேண்டும். குழு போனதும் வேன் திரும்பிவிடும். எல்லாரும் செய்வதுதானாம்.

“இத முடிச்சுக் குடுப்பா. உன் அனுபவச் சான்றுல நானே நாலு வரி நல்லதா எழுதிக் கையெழுத்துப் போடறேன்.”

டிசம்பர் ஒன்றாம் தேதி சென்னைக் கம்பெனியில் சேர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சரி என்றேன். டேட்டாதானே.

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி அன்றைக்கா வேனை அனுப்புவார்கள்? மூளை வேண்டாமா? அடி அண்ணாமலை பக்கம் கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. டிரைவர் அப்பாதுரை போன் செய்தார்.

“சார், அன்னதான வண்டின்னு சுத்திக்கினாங்க. தார்ப்பாயத் தூக்கிப் பாக்குறாங்க. சட்டப் புஸ்தகம்னா, சாம்பார் சாதம் இல்லியான்னு கேக்குறாங்க.”

இருட்டும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. இறக்கி வைத்ததில் முதுகு போய்விட்டது. அம்மாவிடம் சொன்னால் கிரிவலம் போயிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும் என்கிறாள்.

அக்டோபர் 8, புதன்

அலமாரிகள் முதல் முறையாக நிறைந்திருக்கின்றன. இதுவரை இங்கே இருந்தது என்ன? மெலிந்த சட்டப் பிரதிகள், கைடுகள், நான்கு கணினிகளில் மட்டும் திறக்கும் தீர்ப்புத் தளம். அந்த நான்கிலும் ஒன்று படுத்தே கிடக்கும். இப்போது பெரிய உரைநூல்கள். வருடவாரியாகக் கட்டிய தீர்ப்புத் தொகுதிகள். பழைய குற்றவியல் சட்டம் ஒரு தட்டில், புதியது பக்கத்தில். பழையதை எதற்குத் தூக்கி வந்தார்கள் என்று கேட்டேன். பழைய குற்றங்களுக்குப் பழைய சட்டம்தானாம், அந்த வழக்குகள் இன்னும் நடக்கின்றனவாம். சொன்னது மூன்றாம் ஆண்டு அறிவுமதி. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வருகிற பெண்.

அவள் இங்கே வந்து நான் பார்த்ததில்லை. நூலகம் நாலு மணிக்கு மூடும். வகுப்பு முடிவதும் நாலு மணிக்கு. கல்லூரி பஸ் நாலேகாலுக்குக் கிளம்பிவிடும். இன்றைக்கு இரண்டு வகுப்பை விட்டுவிட்டு நின்றபடியே படித்தாள். ஜாமீன் பற்றிய தடிப் புத்தகம். வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள்.

ஆய்வு முடியட்டும் என்றேன். முடிந்தால் புத்தகமே இருக்காது. ஏன் அப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 9, வியாழன்

குழு வந்தது. பார்த்தது. சாப்பிட்டது. போனது.

அக்டோபர் 11, சனி

நேற்றே வேன் திரும்பிவிட்டது. அறிவுமதி வந்து வெறும் அலமாரி முன்னால் நின்றாள். “கம்ப்யூட்டர்ல ‘உள்ளது’ன்னு காட்டுதேண்ணா?” சர்வர் பிரச்சினை என்றேன். நான் பார்த்துக்கொள்ளும் சர்வருக்கு நானே கெட்ட பெயர் வைக்கிறேன்.

பட்டியலிலிருந்து நீக்கிவிடவா என்று பரசுராமனைக் கேட்டேன். கூடாதாம். குழு ஆன்லைனில் பார்க்குமாம். யாரோ எடுத்துப் போன மாதிரி காட்ட வேண்டுமாம்.

யார் பேரில்?

“புஸ்தகமே எடுக்காத பசங்க ஜாஸ்தி இருக்காங்க இல்ல, அவங்க கார்டுல ஏத்து. அவங்க எங்க வந்து பாக்கப்போறாங்க.”

அக்டோபர் 13, திங்கள்

ஸ்கிரிப்ட் எழுதினேன். இதுவரை ஒரு புத்தகமும் எடுக்காத உறுப்பினர்களைப் பொறுக்கி, புத்தகங்களைச் சமமாகப் பிரித்து, அவர்கள் அட்டையில் ஏற்றுகிற வேலை. முதல் ஓட்டத்திலேயே பிழையில்லாமல் ஓடியது. சந்தோஷமாகக்கூட இருந்தது, ச்சே.

நவம்பர் 10, திங்கள்

தொலைந்தேன்.

நூலகத்தில் புத்தகம் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் அச்சாகாது. அந்த இணைப்பைக் கொடுத்தவனே நான்தான், ஜூன் மாதம். ஸ்கிரிப்ட் எழுதும்போது ஞாபகமே இல்லை. இன்றைக்கு ஹால் டிக்கெட் நாள். வாசல் வரைக்கும் வரிசை. அத்தனையும் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். ஹாஸ்டல்காரர்கள் புத்தகம் எடுக்கிறார்கள், திருப்பித் தருகிறார்கள், அவர்களுக்கு டிக்கெட் வந்துவிட்டது. புத்தகத்தைத் தொட நேரமே கிடைக்காதவன் பேரில்தான் எல்லாம் நிற்கிறது.

அறிவுமதி சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

“படிக்கக் கேட்டேன், நீங்க குடுக்கல. இப்ப ஒம்பது புஸ்தகம் எங்கிட்ட இருக்குதாம். அந்த ஜாமீன் புஸ்தகமும் இருக்குதுண்ணா, லிஸ்ட்ல.”

பரசுராமன் அறைக்கு ஓடினேன்.

பரசுராமன் அலட்டிக்கொள்ளவேயில்லை. “வந்து கேக்கறவனுக்கு மட்டும் எடுத்து வுடு. மத்தவங்க பேர்ல இருக்கட்டும்.” கேட்கத் தெரியாதவன்? சுரேஷ்குமார் என்று முதலாண்டுப் பையன். தான்தான் எங்கேயோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, எடுக்காத புத்தகத்தைத் தேரடி வீதிக் கடைகளில் தேடுகிறானாம். இதைச் சொல்லிச் சிரித்தவன் அவன் கூட்டாளி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

சான்று டைப் ஆகிவிட்டது. பரசுராமன் காட்டினார். நல்ல வார்த்தைகள். கையெழுத்து இடம் காலி. இந்த ஹால் டிக்கெட் வேலை முடியட்டும் என்று டிராயரில் போட்டுக்கொண்டார்.

அம்மா சென்னைக்கென்று இரண்டு சட்டை எடுத்து வந்திருக்கிறாள். ஒன்று பெரியது. மாற்றித் தருவார்களாம், வேங்கிக்கால் கடைதானாம். பில்லைப் பத்திரமாக வை என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன்.

கேட்பவனுக்கு மட்டும் எடுத்துவிட்டால் முடிந்தது. கையெழுத்து, பஸ், சென்னை. அதற்கு என்ன?

நவம்பர் 12, புதன்

செய்துவிட்டேன்.

எல்லார் அட்டையிலிருந்தும் எடுத்தேன். கேட்டவன், கேட்காதவன், எல்லாரும். புத்தகங்களை நீக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ‘இருக்குமிடம்’ என்ற கட்டத்தில் செங்கம் கல்லூரியின் பெயரைப் போட்டேன். யார் தேடினாலும் தெரியும். குழு தேடினாலும் தெரியும். பரசுராமனுக்கு ஒரு வரி மெயில் அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் நேரில் வந்தார்.

“இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க?”

“புஸ்தகம் எங்க இருக்குதோ அதப் போட்டேன் சார்.”

“மாத்து.”

“மாட்டேன் சார்.”

“சான்று வேணாமா?”

வேணும் என்றேன். வேண்டும்தானே. அவர் திரும்பி நடந்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நவம்பர் 13, வியாழன்

என் லாகின் போய்விட்டது. ஹால் டிக்கெட் எல்லாருக்கும் வந்துவிட்டதாம்.

நவம்பர் 27, வியாழன்

சென்னையிலிருந்து மெயில். சான்று இல்லாததால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மா சட்டைகளைப் பீரோவில் வைத்துவிட்டாள். கேட்டால் எரிந்து விழுவேன் என்று தெரியும்.

டிசம்பர் 5, வெள்ளி

ஒப்பந்தம் மே வரைக்கும் இருப்பதால் என்னை வேலையைவிட்டு அனுப்ப முடியவில்லை. போக்குவரத்துப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஒரு ஜன்னல், ஒரு பழைய கணினி. அடுத்த பருவத்துக்கான பஸ் பாஸ் அடித்துக் கொடுக்கும் வேலை. கார்த்திகை தீபக் கூட்டம் இன்னும் கலையவில்லை, பஸ் எல்லாம் தாமதம், அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

இன்றைக்கு வரிசையில் அறிவுமதி. கடைசித் தேர்வு எழுதிவிட்டு வந்திருந்தாள்.

“இங்கயா இருக்கீங்க?”

“ஆமா. ரூட்?”

“கீழ்பென்னாத்தூர்.” போட்டோவை நீட்டினாள். “கம்ப்யூட்டர்ல செங்கம் காலேஜுன்னு காட்டுச்சு. போன சனிக்கிழமை போயிருந்தோம், ஏழு பேரு. அடையாள அட்டையக் காட்டுனா உள்ள வுடறாங்க. சாயங்காலம் வரைக்கும் படிச்சோம். ஜாமீன் கேள்வி வந்துச்சுண்ணா இன்னிக்கு.”

எழுதினாயா என்று கேட்டிருக்கலாம். பின்னால் யாரோ பஸ் கிளம்பிவிடும் என்று கத்தினார்கள்.

பாஸை நீட்டினேன். அடுத்து யாரு, என்றேன்.