செருப்பு வாரில் ஆத்தா புடவை

ஆடி செவ்வாய்க்கிழமை, இரவு.

ஆத்தா, மன்னிச்சிடு. என் மருமகள் கவிதா இன்று பண்ணிய காரியத்தை நினைத்தால் எரிச்சல் தாங்கவில்லை. ஆவடியிலிருந்து கோரைப்பாய்ச் செருப்பு பத்து ஜோடிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. காலையில் கொடுத்தாக வேண்டும். வாருக்குத் துணி போதவில்லை என்று, கோயில் ஏலத்தில் நான் எடுத்த அம்மன் புடவையை வெட்டித் தைத்துவிட்டாள்.

“அடிப்பாவி, ஆத்தா கட்டுன பொடவைடி! அதைக் கால்ல மாட்டுவாங்களா?” என்று கத்தினேன்.

“இன்னா அத்தே இப்படிக் கத்துறீங்க? போன மாசம் நீங்க தச்ச ஆறு கோரைப் பைக்கும் உள்துணி இதே பொடவைதானே?”

“பை தோள்ல மாட்டுறதுடி!”

“பஸ்ல சீட்டு கெடைச்சா கால்கிட்டதானே வைப்பாங்க?”

எல்லா வாரையும் பிரித்து, என் தீபாவளிப் புடவையை வெட்டி மாற்றித் தைத்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

பிரித்த துண்டுகளைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். செருப்புக்கு வழி பண்ணியாயிற்று. விற்றுப்போன ஆறு பைகள் இப்போது எந்த பஸ்ஸில், யார் காலடியில் கிடக்கின்றனவோ தாயே.