சுவரில் ஓர் ஓட்டை

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கு இரண்டு ஃபயர்வால் பெட்டிகளும் வந்துவிட்டன; வரும் அழைப்பெல்லாம் இந்தக் காவல் பெட்டி வழியாகத்தான் உள்ளே நுழையும். ஒன்று வேலை செய்யும். அது விழுந்தால் மற்றது அந்தக் கணமே பொறுப்பை ஏற்கும். தீப்பிடித்தாலும் இரண்டும் சேர்ந்து போகக் கூடாதென்று தனித்தனி அறையில் வைத்திருக்கிறேன். ஒன்று உயிரோடிருக்கிறதா என்று மற்றது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நடுவில் நேரடிக் கேபிள்கள். கேபிளுக்குச் சுவரில் ஓர் ஓட்டை. அவ்வளவுதான் கேட்டேன்.

மேலாளர் பதறிவிட்டார். "இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கு. தலைவர் திறந்து வைக்க வர்ற நேரத்துல சுவத்தைக் குடையணும்ங்கறீங்க!"

பெயின்ட்! இந்த மனுஷனுக்கு மண்டையில என்னதான் இருக்கு?

மார்ச் 5, புதன்

அவரே வழி கண்டுபிடித்துவிட்டார். மாடியில் கிடக்கும் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாக இரண்டையும் பேசவிட வேண்டுமாம். அது நினைத்தால் மயங்கி விழும் கிழடு. அது விழுந்தால், 'மற்றவன் செத்துவிட்டான்' என்று இரண்டு பெட்டிகளுமே நினைக்கும். ஒரே முகவரியோடு இரண்டும் வேலையில் குதிக்கும். அழைப்புகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அறுந்துபோகும். படம் போட்டுக் காட்டினேன்.

"எல்லாம் சரியாயிடும்மா. ரொம்ப யோசிக்காதீங்க."

சோதித்துப் பார்க்கவாவது விடுங்கள் என்றேன். திறப்பு விழா முடியட்டும் என்றார். எழுத்தில் என் மறுப்பை அனுப்பினேன். அவர் சொன்னபடியே பழைய ஸ்விட்ச் வழியாக இணைத்துவிட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

ரிப்பன் வெட்டினார்கள். சுவர் பளபளவென்று இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

நடந்தேவிட்டது. காலையில் ஸ்விட்ச் நின்றது. நான் படத்தில் போட்டுக் காட்டியபடியே, அச்சு அசலாக. ஓடிப்போய் ஒரு பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகுதான் அழைப்புகள் மறுபடி வந்தன.

அழைப்பு எடுக்கும் அக்கா ஹெட்போனைக் கழற்றாமல் அழுதுகொண்டிருந்தார். "ஒருத்தர், அப்பாவுக்கு வாய் கோணிக்கிட்டுப் போகுதுன்னாரு. எந்தத் தெருன்னு கேக்கறதுக்குள்ள லைன் போயிடுச்சு."

வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது என் கணவர் எட்டிப் பார்த்தார். "அது என்ன பாவம் பண்ணுச்சு? இந்தப் பக்கம் குடு."

கொடுக்கவில்லை. எதையாவது தேய்க்காவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

மார்ச் 20, வியாழன்

அந்த மகன் வந்திருந்தார். அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடி, யாரோ ஒருவரின் காரை மறித்து ஏற்றியிருக்கிறார். அப்பா உயிர் பிழைத்துவிட்டார், வலது கையும் பேச்சும் திரும்பவில்லை.

"அவர் போன்லதான் சிக்னல் இல்லன்னு சொல்லி அனுப்பிடுங்க" என்றார் மேலாளர். என்னிடம்!

கீழே போனேன். அந்த மகன் சண்டைக்கு வரவில்லை. போனை நீட்டி, "மேடம், நான் நம்பரைத் தப்பாப் போட்டுட்டேனா?" என்று கேட்டார்.

ஐயோ. இந்தக் கேள்வியோடா இவர் இரண்டு நாளாகத் தூங்காமல் இருந்தார்?

"நீங்க சரியாதான் போட்டீங்க. எங்க பக்கம்தான் அறுந்துச்சு. தடுத்திருக்கலாம். தடுக்கலை."

"இதை எழுதித் தருவீங்களா?"

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

"யார் சோத்தைத் தின்னுட்டு யாருக்குப் பரிஞ்சு பேசறீங்க?" — கதவைச் சாத்தாமலே கத்தினார் மேலாளர், எல்லோர் காதிலும் விழட்டும் என்று.

"உங்க வீட்டுச் சோத்தைத் தின்னலை சார்."

சொல்லிவிட்டேன்.

வேலை போனால்? போகட்டும். — இல்லை, போகக் கூடாது. நான் ஏன் போகணும்?

ஏப்ரல் 11, வெள்ளி

விசாரணைக்குப் பிறகு மேலாளரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய அறையாம். கேட்டபோது வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

சுவரில் ஓட்டை போட்டு நேரடிக் கேபிள்களை இழுத்தாயிற்று. இன்று சோதனை. நிஜ அழைப்புகளைப் பக்கத்து மையத்துக்குத் திருப்பிவிட்டு, வாசலில் நின்ற வண்டி ஓட்டுநரைப் போனில் நோயாளி மாதிரிப் பேசச் சொன்னோம். அவர் ஒரேயடியாக உருகினார். "இடுப்பு வலியா, நெஞ்சு வலியா, ஒண்ணைச் சொல்லுங்கண்ணே!" என்று அக்கா அதட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், வேலை செய்துகொண்டிருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து அக்காவின் பின்னால் நின்றேன். அதட்டல் ஓயவில்லை.

பேசி முடித்து என் பக்கம் திரும்பினார். "எப்பம்மா நிறுத்தப் போறே? சொல்லிட்டுச் செய்."

"நிறுத்தியாச்சு அக்கா."