அப்பா பாதி குனிந்து எடுத்த எக்ஸ்ரே

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அக்காவும் புதுப் பாப்பாவும் நலமா? இங்கே தீவில், ஹேடோவில் மழை விட்டுவிட்டது. சோறு நானே வடிக்கிறேன்.

போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பதால் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு இடுப்பில் டிஸ்க் தேய்ந்திருக்கிறதாம். எலும்பு நகர்கிறதா என்று பார்க்க, குனியச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்பா பாதிதான் குனிந்தார். "வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "இல்ல சார், நம்ம உடம்பு இவ்ளோதான் வளையும்" என்று சிரித்தார். முழுதாகக் குனியாததால் படத்தில் எதுவும் தெரியவில்லை. வேலைக்குப் போகலாம் என்று சீட்டு கொடுத்துவிட்டார்கள். "அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றார் அப்பா.

அவருடைய பூட்ஸ் கயிற்றை இப்போது நான்தான் கட்டிவிடுகிறேன். நேற்று வாளியைத் தூக்கியவர், சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். திங்கட்கிழமை முதல் கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கப் போகிறார்.

வலியை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லும்படி நீ சொல், அம்மா. நீ சொன்னால் கேட்பார்.

இதைக் காலை விமானத்தில் அங்கே வரும் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்காவிடம் தருகிறேன். அவர் திரும்பும்போது உன் பழைய புடவை ஒன்று கொடுத்துவிடு, போர்த்திக்கொள்ள.

அப்பா புரண்டு படுக்கிறார், விளக்கை அணைக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் அவரை வேலையில் சேர்க்க மாட்டார்கள். அது அப்பாவுக்குத் தெரியாமல் என் கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது. சீக்கிரம் போன் பண்ணு.

உன் ரூபா