கிராணியார் கடை

1932 மார்ச் 3
முகம் வழித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிய பிறகுதான் நினைவு வந்தது: நான் கிராணியாய்க் கணக்கெழுதிய கந்தோர் ஆட்குறைப்பு என்று என்னை வீட்டுக்கு அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. கண்ணாடி முன் நின்று தனியே சிரித்தேன். நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடம் விட்ட பையனைப் போல் இருக்கிறது. இது நல்லதா, கெட்டதா? என் மனைவி பத்மாவதி சிரிக்கவில்லை. கந்தோர் என்னைத் திரும்ப அழைக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனை செய்யப் போகிறாளாம்.

மார்ச் 9
யோசனை வந்துவிட்டது. இடியப்பக் கடை! பினாங்கில் இடியப்பத்தைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தின்கிறார்கள். பாவம், என் மனைவியின் தேங்காய்ப்பால் சொதியை அவர்கள் கண்டதில்லை.

மார்ச் 10
பத்மாவதியிடம் சொன்னேன். "கிராணி எண்டுதான் என்னை உங்களுக்குக் கட்டித் தந்தவை. சாப்பாட்டுக் கடைக்காரருக்கு இல்லை" என்றாள். ஐயோ, அவள் இல்லாமல் நான் எதைப் பிழிவது? எனக்கு வெந்நீர் வைக்கவும் ஒழுங்காய் வராது.

மார்ச் 15
பாதி இறங்கிவிட்டாள். வீட்டில் சமைத்துத் தருவாள். கடைப்பக்கம் கால் வைக்க மாட்டாள். யார் சமையல் என்று நான் வாய் திறக்கக் கூடாது. கந்தோர் கூப்பிட்ட அன்றே கடையை மூடிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இருபது வருடம் துரைமாருக்குத் தலையாட்டிப் பழகியவன் அல்லவா.

மார்ச் 28
குயின் தெருவில் இடம் கிடைத்தது! பக்கத்துக் கடை மசாலா வியாபாரி மீரா சாகிப், 'கிராணியார் கடை' என்று பெயர் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டேன். பத்மாவதியிடம் சொல்லவில்லை. தைரியம் இல்லை.

ஏப்ரல் 4
திறந்தாயிற்று. காலையில் நாலு பேர், அதன்பின் ஈதான். ஒரு மணி அடித்ததும் எழுந்து, பலகைகளைப் போட்டுக் கதவைச் சாத்தி, உள்ளே உட்கார்ந்து நிம்மதியாய்ச் சாப்பிட்டேன். வெளியே ஒரே சத்தம். யாருக்கோ சண்டை என்று நினைத்தேன். மீரா சாகிப் கதவைத் தட்டினார். பார்த்தால், பீச் தெருக் கந்தோர்களின் கிராணிமார் எல்லாரும் என் வாசலில்!

"அண்ணே, ஊரே சாப்பிட வர்ற நேரத்துல கதவடைச்சுக்கிட்டு நீங்க சாப்பிட்டா எப்படி லா?" என்றார் சாகிப்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பாட்டுக் கடையை மூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான். இருபது வருடம் ஒரு மணிக்கு மைப்புட்டியை மூடிய கை, சொன்னால் கேட்கிறதா? திறப்பதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

பானை பாதிகூடக் குறையாமல் வீட்டுக்கு வந்ததைப் பார்த்துப் பத்மாவதியின் முகம் விழுந்துவிட்டது. "என்ரை சொதி பிடிக்கேல்லையோ?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள்! சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை. வேலை போன பிறகு அவளிடம் கேட்ட முதல் சிரிப்பு. என் மடத்தனத்துக்கு ஒரு கும்பிடு.

ஏப்ரல் 5
"உங்களைத் தனிய விட்டா என்ரை சொதிக்கு மரியாதை இல்லை" என்று குடையும் கையுமாய் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாள். கடையின் பெயர்ப்பலகையைப் படித்தாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மணிக்கு நான் கதவுப்பக்கம் நகர்ந்ததும் அகப்பையால் முழங்கையில் ஒரு தட்டு.

ஏப்ரல் 19
சொதி தீர்ந்தது. சீனி கேட்பாரில்லை!!

மே 13
எல்லோருக்கும் அவள் இப்போது 'அக்கா'. முதலில் முகத்தைச் சுளித்தாள். இன்று அவளே ஒருவனிடம், நேற்று ஏன் தம்பி வரவில்லை என்று கேட்கிறாள். வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போனாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்க எனக்குப் பயம். இப்போதா கந்தோர் கூப்பிட வேண்டும்? முருகா, கொஞ்சம் காது கேளாதவனாய் இரு.

ஜூன் 8
வந்தே விட்டது. பழைய கந்தோரின் பெரிய கிராணி கந்தப்பு அண்ணை மதியம் கடைக்கு வந்தார். இரண்டு தட்டு சாப்பிட்டு, கை கழுவி, மெல்லச் சொன்னார்: ஆள் போதவில்லை, துரை சம்மதித்துவிட்டார், திங்கட்கிழமை நான் வந்தால் போதும்.

வாக்குக் கொடுத்தவன் நான். எத்தனை வெள்ளிக்கிழமை அர்ச்சனை! பத்மாவதியைப் பார்த்தேன். அவள் யாருக்கோ சொதி ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"திங்கட்கிழமை அவருக்கு லீவு இல்லை அண்ணை" என்றாள்.

கந்தப்பு அண்ணை இன்னொரு தட்டு கேட்டார்.