தூரத்துச் சோடியிலும் பேரியம்

அன்புள்ள மச்சான்,

நான் சுகம். நம்ம பாப்பாவோட இருமல் நின்னுச்சா? பெல்மதுளைப் பக்கம் மழை விடலைன்னாங்க. வேலைக்குப் போறப்ப அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுட்டுப் போவீங்கல்ல, தொப்பி போட்டு விடுங்க.

இங்க என் ஆராய்ச்சியில ஒரு கூத்து நடந்துச்சு. சோடியாகச் சுத்துற நட்சத்திரங்களில் ஒன்னு வயசாகி உதிர்க்கிற பேரியம்ங்கிற உலோகம் மற்றதில் படியும். பொதுவா, பாதை நெருக்கம்னா நிறைய, தூரம்னா குறைவு. ரொம்பத் தூரத்தில் சுத்துற பதினொரு சோடியை, ஒன்னும் படிஞ்சிருக்காதுன்னு நானே ஒதுக்கிட்டேன். "பார்க்காமலே தீர்ப்பா, தனுஜா?"ன்னு பேராசிரியர் சிரிச்சாங்க. பார்த்தா, ஏழில் பேரியம் இருக்கு. கொஞ்சம்தான், ஆனா இருக்கு.

போனில் என்னைப் பார்த்தா பாப்பா அழுறான்னு, "இனி அவளைக் காட்டாதீங்க, மறந்துடட்டும்"னு சொன்னதும் நான்தானே. "அவ மறந்தா நீதான்டி அழுவ"ன்னீங்க. நான் கேட்கல. மூணு மாசம் போயிருச்சு. தப்புப் பண்ணிட்டேன் மச்சான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுறேன். அவ அழுதாலும் போனை அவகிட்டயே விடுங்க.

ஒரு சிவப்பு ஸ்வெட்டர் அனுப்புறேன். கடைக்காரி பிள்ளை எவ்வளவு உசரம்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. பெருசா இருந்தா கையை மடிச்சு விடுங்க.

தபால் கந்தோர் மூடப் போறாங்க.

உங்கள்
தனுஜா